வில்ட் சேம்பர்லேன்

வில்ட் சேம்பர்லேன் எனப் பரவலாக அறியப்படும் வில்ட்டன் நார்மன் சேம்பர்லேன் (ஆகஸ்ட் 21, 1936 – அக்டோபர் 12, 1999) புகழ்பெற்ற அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் ஆவார். நடு நிலையில் ஆடிய இவர் 1959 முதல் 1973 வரை 14 பருவங்கள் என். பி. ஏ. எனப்படும் தேசிய கூடைப்பந்துச் சங்கத்தின் போட்டிகளில் வாரியர்ஸ், செவன்ட்டி சிக்சர்ஸ், லேக்கர்ஸ் ஆகிய மூன்று அணிகளுக்காக விளையாடினார். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்த ஒரே என். பி. ஏ. வீரர் இவரே.

தனிப்பட்ட சாதனைகளில் இவருக்கு நிகரானவர் மிகச் சிலரே. எனினும் இவர் மிகுதியாகப் புள்ளிகள் குவித்த ஆண்டுகளில் இவருடைய அணி ஒருமுறையும் பட்டம் வெல்லவில்லை. இவர் பெற்ற இரு பட்டங்களும் (1967, 1972) அணி மாறி, புள்ளி எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, பிறர் ஆடுவதற்கு வழிவிட்ட பருவங்களில் கிடைத்தவை ஆகும். இதனால் தனிமனிதத் திறமைக்கும் அணியின் வெற்றிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய விவாதங்களில் இவருடைய வாழ்க்கை இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இளமைக்காலம்

சேம்பர்லேன் பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியா நகரில் ஒரு பெரிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதில் இவருக்கு ஓட்டத்திலும் தாண்டுதலிலும்தான் ஆர்வம் அதிகம் இருந்தது. பிலடெல்பியாவில் கூடைப்பந்து பெரிதும் விரும்பப்பட்ட ஆட்டம் ஆதலால் பின்னர் அதன்பால் ஈர்க்கப்பட்டார். ஓவர்புரூக் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே நாடு முழுவதும் அறியப்பட்டார். வளர்ந்தபின் இவருடைய உயரம் 7 அடி 1 அங்குலம் (216 செ.மீ.) ஆகும். உயரத்தைக் கேலி செய்வதுபோல் அமைந்த ஸ்டில்ட் என்னும் பட்டப்பெயரை இவர் வெறுத்தார். விண்மீன் கூட்டம் ஒன்றைக் குறிக்கும் பிக் டிப்பர் என்னும் பெயரையே விரும்பினார்.

1955-இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அக்கால விதிப்படி முதலாம் ஆண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆட இயலாது. 1956 டிசம்பரில் முதன்மை அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே 52 புள்ளிகள் எடுத்தார். 1957-இல் கேன்சஸ் அணி தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தை எட்டியது. மூன்று முறை கூடுதல் நேரம் வழங்கப்பட்ட அந்த ஆட்டத்தில் வட கரோலினா அணி 54–53 என ஒரே புள்ளி வேறுபாட்டில் வென்றது. தோற்ற அணியில் ஆடியபோதும் போட்டியின் சிறந்த வீரராகச் சேம்பர்லேன் தேர்ந்தெடுக்கப்பட்டார். விருது இவருக்கும் கோப்பை எதிரணிக்கும் செல்லும் இந்நிலை பின்னரும் பலமுறை ஏற்பட்டது.

பல எதிரணி வீரர்கள் ஒருங்கே சூழ்ந்து தடுக்கும் கல்லூரி ஆட்டமுறையில் சலிப்புற்று 1958-இல் படிப்பை முடிக்காமலே வெளியேறினார். உடன் படித்தவர்கள் பட்டம் பெறும்வரை ஒருவரைச் சேர்த்துக்கொள்ள என். பி. ஏ. விதிகள் இடம் தரவில்லை. ஆகவே ஓராண்டுக் காலம் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்னும் காட்சி ஆட்டக் குழுவில் ஆடினார். 1959-இல் அக்குழுவுடன் சோவியத் ஒன்றியத்திற்கும் சென்று வந்தார்.

வாரியர்ஸ் அணியில்

1959-இல் பிறந்த ஊரின் அணியான பிலடெல்பியா வாரியர்சில் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே ஆட்டத்திற்குச் சராசரியாக 37.6 புள்ளிகள் எடுத்தார். கூடையில் விழாமல் தெறித்து வரும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டில் சராசரி 27 எட்டினார். அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர், சங்கத்தின் மிகச் சிறந்த வீரர் ஆகிய இரு விருதுகளும் இவருக்கே கிடைத்தன. நவம்பர் 24, 1960 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு எதிராக 55 ரீபவுண்டுகள் எடுத்தார். அச்சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

1961–62 பருவத்தில் பிராங்க் மெக்குவயர் பயிற்றுநராக வந்தார். 1957-இல் கேன்சஸ் அணியைத் தோற்கடித்த வட கரோலினா அணியின் பயிற்றுநர் இவரே. சேம்பர்லேனிடம் பந்து இயன்றவரை மிகுதியாகச் செல்ல வேண்டும் என்பது மெக்குவயரின் திட்டமாக இருந்தது. அப்பருவத்தில் சேம்பர்லேன் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 40 முறை கூடையை நோக்கிப் பந்தை எறிந்தார். சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தார். மொத்தம் 4,029 புள்ளிகள் குவித்தார். இச்சராசரியை அதன்பின் எவரும் நெருங்கவில்லை.

நூறு புள்ளி ஆட்டம்

மார்ச் 2, 1962 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்னும் சிற்றூரில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராகச் சேம்பர்லேன் 100 புள்ளிகள் எடுத்தார். அரங்கில் 4,124 பேர் இருந்தனர். ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்படவில்லை. வாரியர்ஸ் அணி 169–147 எனும் கணக்கில் வென்றது. இவர் 63 முறை கூடையை நோக்கி எறிந்து 36 முறை வெற்றி கண்டார்.

ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் இயல்பாக நடைபெறவில்லை. சேம்பர்லேனிடம் பந்து செல்வதைத் தவிர்க்க நிக்ஸ் வீரர்கள் மற்ற வாரியர்ஸ் வீரர்கள்மீது வேண்டுமென்றே தவறு இழைத்தனர். பந்தை விரைவில் மீட்டு இவரிடம் சேர்க்க வாரியர்ஸ் வீரர்களும் அவ்வாறே செய்தனர். வெற்றி தோல்வி முடிவான பின்னரும் இரு அணிகளும் ஒருவருடைய எண்ணிக்கைக்காகவே ஆடின.

எதிரணியின் தவறுக்காக வழங்கப்படும் ஃப்ரீ த்ரோ எறிதலில் சேம்பர்லேன் வாழ்நாள் முழுவதும் பலவீனமாகவே இருந்தார். இந்த ஆட்டத்தில் மட்டும் 32 வாய்ப்புகளில் 28-ஐப் புள்ளிகளாக்கினார். அப்பருவத்தில் இவர் பந்தை இரு கைகளாலும் இடுப்புக்குக் கீழிருந்து மேல்நோக்கி எறியும் முறையைப் பின்பற்றினார். அம்முறை இவருக்குப் பயன் அளித்தது. ஆயினும் அது பார்ப்பதற்கு ஆண்மையற்றதாகத் தோன்றும் என்று கூச்சப்பட்டுப் பின்னர் அதைக் கைவிட்டார். அது தவறான முடிவு என்பதைத் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். இவருடைய வாழ்நாள் ஃப்ரீ த்ரோ விகிதம் 51.1 விழுக்காடு மட்டுமே.

செல்டிக்சும் பில் ரசலும்

அக்காலத்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அசைக்க இயலாத வலிமையுடன் இருந்தது. அதன் நடு நிலை வீரர் பில் ரசல் சேம்பர்லேனைவிட உயரம் குறைந்தவர். புள்ளிகளும் குறைவாகவே எடுத்தார். ஆனால் தடுப்பாட்டத்திலும், ரீபவுண்டு எடுத்துச் சக வீரர்களுக்கு உடனே பந்தை அளிப்பதிலும் வல்லவர். ரசல் ஆடிய 13 பருவங்களில் செல்டிக்ஸ் 11 பட்டங்களை வென்றது.

சேம்பர்லேன் 50.4 சராசரி எட்டிய 1962-இலும் மிகச் சிறந்த வீரர் விருது ரசலுக்கே வழங்கப்பட்டது. அவ்விருதைத் தேர்ந்தெடுத்தவர்கள் சக வீரர்களே. அவ்வாண்டின் கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில், ஏழாவது ஆட்டத்தில் செல்டிக்ஸ் 109–107 என வாரியர்சை வென்றது. ரசல் வெற்றியாளர், சேம்பர்லேன் எண்ணிக்கையாளர் என்னும் ஒப்பீடு செய்தித்தாள்களில் நிலைபெற்றது. ரசலுடன் ஆடியவர்கள் சிறந்த வீரர்கள் என்பதை இவ்வொப்பீடு கணக்கில் கொள்ளவில்லை என்று சேம்பர்லேனின் ஆதரவாளர்கள் வாதிட்டனர்.

1962-இல் வாரியர்ஸ் அணி விற்கப்பட்டுச் சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம் மாறியது. அடுத்த பருவத்தில் சேம்பர்லேன் சராசரியாக 44.8 புள்ளிகள் எடுத்தார். அணியோ 31 ஆட்டங்களில் வென்று 49-இல் தோற்றது. பருவ இறுதிச் சுற்றுகளுக்கும் தகுதி பெறவில்லை. 1963-இல் பயிற்றுநராக வந்த அலெக்ஸ் ஹானம் தடுப்பாட்டத்திலும் பந்து வழங்குவதிலும் கூடுதல் கவனம் செலுத்துமாறு இவரைக் கேட்டுக்கொண்டார். சேம்பர்லேனின் சராசரி 36.9 ஆகக் குறைந்தது. அணி 1964-இல் என். பி. ஏ. இறுதித் தொடரை எட்டி, செல்டிக்சிடம் தோற்றது.

செவன்ட்டி சிக்சர்ஸ் அணியில்

1965 ஜனவரியில் வாரியர்ஸ் நிருவாகம் மூன்று வீரர்களையும் பணத்தையும் பெற்றுக்கொண்டு சேம்பர்லேனைப் பிலடெல்பியா செவன்ட்டி சிக்சர்ஸ் அணிக்கு அளித்தது. ஹால் கிரீயர், செட் வாக்கர், லூக் ஜாக்சன் ஆகியோர் அவ்வணியில் இருந்தனர். பில்லி கன்னிங்ஹாம் அவ்வாண்டு பின்னர் சேர்ந்தார். எனினும் 1965-இலும் 1966-இலும் செல்டிக்சே வென்றது. 1965 தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வேறுபாடு ஒரே புள்ளி (110–109).

1966-இல் ஹானம் மீண்டும் இவருடைய பயிற்றுநரானார். தொடர்ச்சியாக ஏழு பருவங்கள் சங்கத்திலேயே மிகுதியான புள்ளிகள் எடுத்திருந்த சேம்பர்லேன் அம்முதலிடத்தைத் துறக்க உடன்பட்டார். 1966–67 பருவத்தில் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 14 முறை மட்டுமே கூடையை நோக்கி எறிந்தார். 24.1 புள்ளிகள் எடுத்தார். எறிந்தவற்றில் 68.3 விழுக்காடு கூடையில் விழுந்தது. சக வீரர் புள்ளி எடுக்கும்படி பந்து வழங்கும் அசிஸ்டில் இவருடைய சராசரி 7.8 ஆக உயர்ந்தது. இவரைச் சூழ எதிரணியினர் திரண்டபோது, தனித்து நின்ற கிரீயரும் வாக்கரும் பந்தைப் பெற்றுப் புள்ளிகள் எடுத்தனர்.

அணி 68 ஆட்டங்களில் வென்று 13-இல் மட்டுமே தோற்றது. அன்று அது என். பி. ஏ. சாதனையாகும். கிழக்குப் பிரிவு இறுதியில் செல்டிக்சை 4–1 என வென்றது. இதனால் செல்டிக்ஸ் தொடர்ந்து எட்டு ஆண்டுகள் பெற்றுவந்த பட்டம் கைமாறியது. இறுதித் தொடரில் சேம்பர்லேனின் பழைய அணியான வாரியர்சை 4–2 என வென்றது. இதுவே சேம்பர்லேன் பெற்ற முதல் என். பி. ஏ. பட்டம் ஆகும்.

1967–68 பருவத்தில் இவர் 702 அசிஸ்டுகள் வழங்கி, மொத்த எண்ணிக்கையில் சங்கத்தில் முதலிடம் பெற்றார். நடு நிலை வீரர் ஒருவர் இவ்விடத்தைப் பெற்றது வியப்பாகக் கருதப்பட்டது. அசிஸ்டையும் இவர் தனிச்சாதனையாகவே நாடுகிறார் என்று சிலர் குறை கூறினர். அப்பருவத்தின் கிழக்குப் பிரிவு இறுதியில் 3–1 என முன்னணியில் இருந்த அணி, அடுத்த மூன்று ஆட்டங்களிலும் செல்டிக்சிடம் தோற்றது. ஏழாவது ஆட்டத்தின் பிற்பாதியில் சேம்பர்லேன் கூடையை நோக்கி மிகச் சில முறையே எறிந்தார். முன்பு மிகுதியாக எறிகிறார் என்று குறை கூறப்பட்டவர், இப்போது எறியாமல் இருந்தார் என்று குறை கூறப்பட்டார்.

லேக்கர்ஸ் அணிக்கு மாற்றம்

1968-இல் ஹானம் அணியை விட்டு விலகினார். அணியின் உரிமையில் தமக்கு ஒரு பங்கு தருவதாக மறைந்த உரிமையாளர் ஐக் ரிச்மன் உறுதியளித்திருந்தார் எனச் சேம்பர்லேன் கூறிவந்தார். மற்றோர் உரிமையாளர் அதை ஏற்கவில்லை. இந்நிலையில் சேம்பர்லேன் வேறு அணிக்குச் செல்ல விரும்பினார். 1968 ஜூலையில் ஆர்ச்சி கிளார்க், டாரல் இம்ஹாஃப், ஜெரி சேம்பர்ஸ் ஆகிய மூவருக்கு ஈடாக லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். மிகச் சிறந்த வீரர் விருதை 1960, 1966, 1967, 1968 என நான்கு முறை பெற்றிருந்த நிலையில் இம்மாற்றம் நிகழ்ந்தது.

இம்மாற்றத்திற்கு ஊதியமும் ஒரு காரணமாக இருந்தது. ஆயினும் இவர் சென்று சேர்ந்தது தாம் ஒருவரே நாயகராக விளங்கக்கூடிய அணி அன்று. எல்ஜின் பெய்லர், ஜெரி வெஸ்ட் ஆகிய இரு பெரும் வீரர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தனர். 1960-இல் லாஸ் ஏஞ்சலசுக்கு வந்தபின் லேக்கர்ஸ் அணி ஐந்து முறை இறுதித் தொடரில் செல்டிக்சிடம் தோற்றிருந்தது. இம்மூவரும் சேர்ந்தால் பட்டம் உறுதி எனப் பலரும் எதிர்பார்த்தனர்.

அவ்வெதிர்பார்ப்பு உடனே நிறைவேறவில்லை. பயிற்றுநர் புட்ச் வான் பிரெடா கோல்ஃபுடன் சேம்பர்லேனுக்கு ஒத்துப்போகவில்லை. மே 5, 1969 அன்று இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலசில் நடைபெற்றது. வெற்றியைக் கொண்டாட அரங்கின் கூரையில் பலூன்கள் தயாராகக் கட்டப்பட்டிருந்தன. ஆட்டம் முடிய ஆறு நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தபோது முழங்காலில் அடிபட்டுச் சேம்பர்லேன் வெளியேறினார். பின்னர் தாம் ஆட ஆயத்தம் என்று தெரிவித்தார். பயிற்றுநர் இவரை மீண்டும் இறக்க மறுத்தார். லேக்கர்ஸ் 108–106 எனத் தோற்றது. இதுவே ரசலின் கடைசி ஆட்டமாகும். சேம்பர்லேன் வெளியேறியதைப் பின்னர் ரசல் வெளிப்படையாகக் குறை கூறினார். அதனால் நண்பர்களாக இருந்த இருவருக்கும் இடையே ஏறத்தாழ 20 ஆண்டுகள் மனக்கசப்பு நீடித்தது.

1969–70 பருவத்தில் முழங்கால் தசைநாண் அறுந்து, 12 ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். எதிர்பார்த்ததைவிட விரைவில் குணமடைந்து பருவ இறுதியில் திரும்பினார். அணி இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நிக்ஸ் அணியிடம் தோற்றது. 1971-இல் கரீம் அப்துல்-ஜப்பார் ஆடிய மில்வாக்கி பக்ஸ் அணியிடம் தோற்றது.

1971–72 பருவம்

1971-இல் முன்னாள் செல்டிக்ஸ் வீரர் பில் ஷார்மன் லேக்கர்ஸ் பயிற்றுநரானார். ரசலுடன் பல ஆண்டுகள் ஆடிய அவர், ரசல் ஆடிய முறையில் ஆடுமாறு சேம்பர்லேனைக் கேட்டுக்கொண்டார். எதிரணி எறியும் பந்தைத் தடுப்பது, ரீபவுண்டு எடுப்பது, எதிரணியினர் திரும்புவதற்குள் முன்னே ஓடும் சக வீரருக்குப் பந்தை எறிவது ஆகியவையே இவருடைய பணிகளாயின. ஆட்ட நாளின் காலையிலும் குறும்பயிற்சி செய்யும் வழக்கத்தை ஷார்மன் கொண்டுவந்தார். இரவில் நெடுநேரம் விழித்திருக்கும் வழக்கமுடைய சேம்பர்லேன் அதற்கும் இணங்கினார். அப்போது இவருக்கு வயது 35.

பருவத் தொடக்கத்தில் பெய்லர் ஓய்வு பெற்றார். அதனையடுத்து நவம்பர் 5, 1971 முதல் லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது. இத்தொடர்வெற்றி 1972 ஜனவரியில் பக்ஸ் அணியால் முடிவுக்கு வந்தது. இது இன்றுவரை என். பி. ஏ. சாதனையாக உள்ளது. பருவ முடிவில் அணி 69 வெற்றிகளும் 13 தோல்விகளும் பெற்றிருந்தது. இக்கணக்கை 1995–96 பருவத்தில்தான் சிகாகோ புல்ஸ் அணி கடந்தது.

இப்பருவத்தில் சேம்பர்லேனின் புள்ளிச் சராசரி 14.8 மட்டுமே. பத்தாண்டுகளுக்கு முன் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 40 முறை எறிந்தவர், இப்போது 10 முறைக்கும் குறைவாகவே எறிந்தார். கெயில் குட்ரிச் 25.9, வெஸ்ட் 25.8 எனச் சராசரி எட்டினர். ரீபவுண்டில் சேம்பர்லேன் 19.2 எனும் சராசரியுடன் சங்கத்தில் முதலிடம் பெற்றார்.

லேக்கர்ஸ் அணி பக்சை 4–2 எனவும், இறுதித் தொடரில் நிக்சை 4–1 எனவும் வென்றது. இறுதித் தொடரின்போது சேம்பர்லேனின் கையில் காயம் ஏற்பட்டிருந்தது. அக்காயத்துடனே மே 7, 1972 அன்று ஐந்தாவது ஆட்டத்தில் ஆடி 24 புள்ளிகளும் 29 ரீபவுண்டுகளும் எடுத்தார். லாஸ் ஏஞ்சலசுக்கு வந்தபின் லேக்கர்ஸ் வென்ற முதல் பட்டம் இதுவாகும். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது சேம்பர்லேனுக்கு வழங்கப்பட்டது.

ஓய்வும் பிற்காலமும்

1972–73 பருவத்தில் சராசரியாக 13.2 புள்ளிகள் எடுத்தார். எறிந்தவற்றில் 72.7 விழுக்காடு கூடையில் விழுந்தது. அன்று இது சாதனையாகும். இறுதித் தொடரில் நிக்ஸ் அணி லேக்கர்சை வென்றது. 1973-இல் போட்டிச் சங்கமான ஏ. பி. ஏ.-வின் சான் டியேகோ கான்கிஸ்டடார்ஸ் அணி இவரை ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் ஒப்பந்தம் செய்தது. லேக்கர்ஸ் நிருவாகம் வழக்குத் தொடுத்ததால் இவரால் ஆட இயலவில்லை. ஒரு பருவம் பயிற்றுநராக மட்டும் இருந்து விலகினார்.

பின்னர் கைப்பந்தாட்டத்தில் ஈடுபட்டு அதன் வளர்ச்சிக்கு உதவினார். 1984-இல் வெளியான கோனன் தி டெஸ்ட்ராயர் திரைப்படத்தில் நடித்தார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அக்டோபர் 12, 1999 அன்று லாஸ் ஏஞ்சலசில் தம் இல்லத்தில் இதயச் செயலிழப்பால் தம் 63-ஆம் வயதில் காலமானார். பிற்காலத்தில் மீண்டும் நண்பரான ரசல், இவருடைய நினைவுக் கூட்டத்தில் உரையாற்றினார்.

சாதனைகளும் சிறப்புகளும்

சேம்பர்லேன் 1,045 ஆட்டங்களில் 31,419 புள்ளிகளும் 23,924 ரீபவுண்டுகளும் எடுத்தார். ஓய்வு பெற்றபோது இரண்டிலும் முதலிடத்தில் இருந்தார். புள்ளிச் சாதனையை 1984-இல் அப்துல்-ஜப்பார் முறியடித்தார். ரீபவுண்டு சாதனை முறியடிக்கப்படவில்லை. 14 பருவங்களில் ஒருமுறையும் தவறுகளின் எண்ணிக்கை மிகுந்து ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படவில்லை.

இவரைப் போன்ற உயரமான வீரர்களின் ஆதிக்கத்தைக் குறைக்கும் நோக்குடன் 1964-இல் கூடைக்கு முன்னுள்ள பகுதியின் அகலம் 12 அடியிலிருந்து 16 அடியாக விரிவாக்கப்பட்டது. 1979-இல் நைஸ்மித் கூடைப்பந்துப் புகழவையில் சேர்க்கப்பட்டார். 1996-இல் என். பி. ஏ. வரலாற்றின் 50 சிறந்த வீரர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவர் அணிந்த 13-ஆம் எண்ணை மூன்று அணிகளும் வேறு எவருக்கும் வழங்குவதில்லை. 2014-இல் அமெரிக்க அஞ்சல் துறை இவருடைய உருவம் பொறித்த அஞ்சல்தலைகளை வெளியிட்டது.